தங்கைக்கு ஏலம் விடும் வேலைதான் வேண்டுமாம்: என்ன படிப்பு, என்ன உரிமம்?

யீஷூன்_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். வீடு, வேலை, வரி என்று எதைக் கேட்டாலும் இங்கே யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 23 வயது. இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படித்துவிட்டு ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் இருக்கிறாள். போன மாதம் தோழி ஒருத்தியோடு, வங்கி கைப்பற்றிய வீடுகளை விற்கும் ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து ஒரே பேச்சு: "அண்ணா, எனக்கு அந்த மேடைதான் வேணும்." வீட்டை ஏலத்தில் எடுக்க இல்லை, ஏலம் விட.

அம்மா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தாமல், "மானத்தை ஏலம் விடுறவங்களைப் பார்த்திருக்கேன். அதுக்குச் சம்பளமும் உண்டா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. அமெரிக்க மாட்டுச் சந்தைக்காரர்கள் மூச்சு விடாமல் எண்களைச் சுழற்றும் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளுகிறாள். அயோவா மாநிலத்தில் ஏலத்துக்கென்றே பள்ளி இருக்கிறதாம். சேமிப்பில் கை வைத்து அங்கே போய் வரட்டுமா என்கிறாள். எனக்குக் கப்பல் பட்டறை வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. இங்கே ஏலதாரர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்? உரிமம் தருவது யார்? அயோவா சான்றிதழ் இங்கே செல்லுமா?

தேக்கா_டீக்கடை

தம்பி, நம் ஊரின் மிகப் பெரிய ஏலத்துக்குச் சுத்தியலும் கிடையாது, மேடையும் கிடையாது. கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். 1990-ல் தொடங்கி, மாதம் இரண்டு முறை நம்மைப் பிழிகிறது. அதை நடத்துபவருக்கு என்ன படிப்பு என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானே போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

சொல்தேடி

தலைப்புக்கு வெளியே ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏலதாரர் என்றால் ஏலம் கேட்பவர், எடுப்பவர். விடுபவரை ஏலம் விடுபவர் என்றோ ஏலக்காரர் என்றோ சொல்லலாம். உங்கள் தங்கை நாளை விண்ணப்பத்தில் "ஏலதாரர் ஆக விரும்புகிறேன்" என்று எழுதினால் வீடு வாங்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் "லேலோங் லேலோங்" என்று கத்துகிறார்களே, அந்த மலாய்ச் சொல்லும் நம் ஏலமும் உடன்பிறப்புகள். இரண்டும் போர்த்துகீசியரின் லெய்லாவ் என்ற சொல்லிலிருந்து வந்தவை. கப்பலில் வந்த சரக்கைத் துறைமுகத்தில் கூவி விற்றவர்கள் சொல்லையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்றாம்_தரம்

குமரன், இது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒரு சொத்து ஆலோசனை நிறுவனத்தின் ஏலப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். இப்போது வேறோர் இடத்தில், வீட்டுச் சாமான், நகை, ஓவியம் என்று பொருள் ஏலத்தில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

முதலில் உரிமம். இங்கே இதற்கு ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. ஏலம் விடுவோர் உரிமச் சட்டம், ஆண்டு 1906. அசையும் சொத்தோ அசையாச் சொத்தோ, ஏலத்தில் விற்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். அதைத் தருவது உள்நாட்டு வருவாய் ஆணையம். ஆமாம், நம்மிடம் வருமான வரி வாங்கும் அதே ஆணையம்தான். காவல்துறையும் இல்லை, கல்வி அமைச்சும் இல்லை.

வரித்துறைக்கு இதில் என்ன வேலை என்று புதிதில் எனக்கும் குழப்பமாக இருந்தது. பழைய கதையைப் பார்த்தால் புரியும். பிரிட்டனில் 1845-ல் வந்த சட்டம், ஏலம் விடுபவர் ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அரசுக்கு வேண்டியிருந்தது பணம். சுத்தியல் பிடிப்பவன் திறமைசாலியா என்று அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நம் 1906 சட்டத்திலும் அந்த வாசனை இருக்கிறது என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் அந்த உரிமத்தை 1949-லேயே தூக்கிப் போட்டுவிட்டது. பாட்டி வீட்டில் விறகு அடுப்பை இடித்துவிட்டார்கள், பேத்தி வீட்டில் இன்னும் எரிகிறது.

அதனால் நம் சட்டத்தைப் புரட்டினால் ஏலப் பள்ளி, இத்தனை மணி நேரப் பாடம் என்று எதுவும் வராது. அயோவா சான்றிதழ் செல்லுமா என்றால், செல்லாது என்று சொல்வதைவிட, அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் சரி. கட்டணத்தையும் படிவத்தையும் ஆணையத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்ன பழைய தொகையை நம்ப வேண்டாம்.

படிப்பு பற்றி இரவு எழுதுகிறேன். மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும்.

உட்லண்ட்ஸ்_செல்வி

அக்கா, எனக்கு இது சரியாகப் படவில்லை. வீட்டில் மின்சுற்றைத் தொடுபவருக்கு உரிமம், தேர்வு. வீடு விற்கும் முகவருக்குப் பாடம், தேர்வு. பத்து நிமிடத்தில் இருபது லட்சம் வெள்ளி பெறும் வீட்டைத் தட்டிவிடுபவர் மட்டும் படிவம் நிரப்பிப் பணம் கட்டினால் போதுமா? பிறகு உரிமம் என்று ஒன்று எதற்கு?

ஹூஸ்டன்_போய்வந்தவன்

அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன். டெக்சஸில் 8 வருடம் இருந்தேன். அங்கே வார இறுதியில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் ஏலம் ஏலமாகச் சுற்றியிருக்கிறேன். வாங்கியது ஒரு புல்வெட்டும் இயந்திரம், அதுவும் ஓடவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே உரிமம் என்று அங்கே கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தினுசு. டெக்சஸில் உரிமம் உண்டு, அதற்கு 80 மணி நேர வகுப்பும் தேர்வும் ஒரு வழி. வட கரோலினாவிலும் 80 மணி நேரம் என்ற கணக்கு உண்டு. பென்சில்வேனியாவில் கல்லூரியில் ஏலப் பாடம் எடுக்கலாம், இல்லாவிட்டால் உரிமம் உள்ள ஒருவரிடம் 2 வருடம் தொழில் பழகலாம். கலிபோர்னியாவிலோ மாநில உரிமமே இல்லை. 20,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுத்துவிட்டு விற்கத் தொடங்கலாம். ஏமாற்றினால் அந்தப் பிணையில் கை வைப்பார்கள். செல்வியின் கேள்விக்கு அங்கேயே இப்படி மூன்று நான்கு பதில் இருக்கிறது.

அந்த 80 மணி நேரத்தில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். பாதி நேரம் நாக்குப் பயிற்சி. நம் பிள்ளைகள் "கடலோரத்தில் உரல் உருளுது" சொல்வதைப் போல அவர்களுக்கும் வாக்கியங்கள் உண்டு. எண்களை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் சொல்ல வேண்டும், இரண்டரை இரண்டரையாகத் தாவ வேண்டும். அந்த வேகப் பாட்டில் இருப்பதெல்லாம் இரண்டே எண்கள்தான். ஒன்று கையில் இருக்கும் விலை, இன்னொன்று கேட்கும் விலை. நடுவில் வருவதெல்லாம் இட்டு நிரப்பும் ஓசை. மீதிப் பாதி ஒப்பந்தச் சட்டம், கணக்கு, விளம்பரம். கேட்டால் அலுப்பாக இருக்கிறது, ஆனால் சோறு போடுவது அதுதான் என்றார் அவர்.

மாட்டுச் சந்தையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான உருப்படி போக வேண்டும், அதனால் அந்த வேகம். கூட்டுரிமைக் குடியிருப்பு வீட்டை அந்த வேகத்தில் விற்றால் வாங்க வந்தவர் எழுந்து ஓடிவிடுவார்.

பழைய_குமாஸ்தா

வழக்கறிஞர் அலுவலகத்தில் 30 வருடம் கோப்பு தூக்கியவன். வழக்கறிஞன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா செல்வி, ஏலம் விடுபவரின் பொறுப்பு உரிமச் சட்டத்தில் மட்டும் இல்லை, மற்ற இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பொருள் விற்பனைச் சட்டம் என்று பிரிட்டனின் 1979 சட்டம் ஒன்று இங்கேயும் செல்லுபடியாகிறது. அதன் 57-வது பிரிவு முழுக்க ஏலம் பற்றியதுதான். சுத்தியல் விழும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரை ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தன் பொருளைத் தானே ஏற்றிக் கேட்க நினைத்தால் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஆள் வைத்து ஏற்றினால், வாங்கியவர் அதை மோசடி என்று சொல்ல வழி இருக்கிறது. அப்படி ஏற்றிக் கேட்ட விலையைத் தெரிந்தே ஏற்பது ஏலம் விடுபவருக்கும் சட்டவிரோதம்.

நிலம், வீடு என்றால் இன்னொன்று சேரும். நிலம் வாங்கும் ஒப்பந்தத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்பது குடிமையியல் சட்டம். ஏலம் விடுபவர் விற்பவரின் ஆள்தான். ஆனால் சுத்தியல் விழுந்த அந்த நொடியில் வாங்கியவருக்காகவும் குறிப்பில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுகிறது. மனம் மாறிப் பின்வாசல் வழியாக நழுவப் பார்ப்பவரைப் பிடிக்கப் பழைய நீதிபதிகள் செய்துவைத்த ஏற்பாடு.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. திருட்டுப் பொருள் ஏலத்துக்கு வந்து, அது திருட்டு என்று தெரியாமலே ஒருவர் விற்றுக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். பணத்தை விற்றவனிடமும் ஒப்படைத்துவிட்டார், அவன் ஊரை விட்டே போய்விட்டான். உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் ஏலம் விட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது, நான் வெறும் இடையாள்" என்பது உரிமையியல் வழக்கில் எடுபடாது. பொருளின் மதிப்பை அவர் கையிலிருந்தே கொடுக்க நேரலாம். இதைப் படித்த பிறகு நான் பழைய கடிகாரம் விற்பவர்களை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினேன்.

தேக்கா_டீக்கடை

ஐயா, டீ ஆறிவிட்டது. ஆனாலும் படித்தேன்.

மூன்றாம்_தரம்

குமாஸ்தா ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்காகத்தான் நல்ல ஏல நிறுவனங்களில் பாதி வேலை மேடைக்கு வெளியே நடக்கிறது. பொருள் கொண்டு வருபவரின் அடையாள அட்டை, வாங்கிய ரசீது, வாரிசுச் சொத்து என்றால் அதற்கான ஆவணம். தங்கம், வைரம் விற்கும் இடம் என்றால் சட்ட அமைச்சில் பதிவு செய்ய வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வாங்குபவர் யார் என்று விசாரித்து எழுதி வைக்க வேண்டும். 2019-ல் பணச் சலவையைத் தடுக்க வந்த சட்டம் அது. மாமியார் நகையை விற்க வந்தவரிடம் "இது உங்களுடையதுதானா?" என்று கோபம் வராத குரலில் கேட்க வேண்டும். அதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை.

சரி, படிப்பு. வீடு, கடை, தொழிற்கூடம் ஏலம் விட வேண்டும் என்றால் சொத்துத் துறைக்குள் நுழைவதுதான் வழி. சட்டம் சொல்வதைவிட வேலை தருபவர் என்ன கேட்கிறார் என்பது இங்கே முக்கியம். நான் பார்த்த இடங்களில் மேடை ஏறிய எல்லாருமே சொத்து முகவர் பதிவும் வைத்திருந்தார்கள். அதற்கு 21 வயது, ஜிசிஇ சாதாரண நிலையில் குறைந்தது 4 பாடத் தேர்ச்சி அல்லது அதற்கு நிகரான கல்வி, அங்கீகரித்த பயிற்சி வகுப்பு, பிறகு தேர்வு. உங்கள் தங்கையிடம் முதல் இரண்டும் இருக்கும். செல்வி கேட்ட "பாடம் இல்லையா?" என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பாடம் பக்கத்து வாசல் வழியாக வருகிறது.

இன்னும் உயரப் போக வேண்டும் என்றால் மதிப்பீடு. சொத்து மதிப்பீட்டாளருக்கும் தனி உரிமம் உண்டு, அதையும் வருவாய் ஆணையம்தான் தருகிறது. ஆனால் அங்கே துறைப் படிப்பும் அனுபவமும் இல்லாமல் நடக்காது. ஒரே ஆணையம், ஒரே 1906-ல் பிறந்த இரட்டைச் சட்டங்கள், ஒன்றில் மட்டும் படிப்பு கேட்கிறார்கள். ஏன் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது: மதிப்பீட்டாளர் ஒரு விலையைச் சொன்னால் வங்கி அதை நம்பிக் கடன் கொடுக்கிறது. ஏலம் விடுபவர் விலை சொல்வதில்லை, கூட்டம் சொல்கிறது.

கலை, பழம்பொருள் பக்கம் வேறு உலகம். சோத்பிஸ் என்ற உலக ஏல நிறுவனம் 15 வருட இடைவெளிக்குப் பிறகு 2022-ல் இங்கே மறுபடியும் நேரடி ஏலம் நடத்தியது. அந்தப் பக்கம் போக ஓவிய வரலாறோ ரத்தினக் கல் படிப்போ உதவும். ஆனால் இடங்கள் கொஞ்சம்தான்.

செட்டியார்_பேரன்

எங்கள் தாத்தா காலத்தில் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தவர்கள் ஏலத்துக்குப் போய்வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்புறம் அப்பா ஓர் அடகுக் கடையில் கணக்கு எழுதினார். மீட்காத நகைகளை முன்பெல்லாம் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். 2015-ல் புதிய அடகுச் சட்டம் வந்ததும் அந்த ஏல முறையே போய்விட்டது. மீட்கும் காலம் குறைந்தது 6 மாதம். அது தாண்டினால் பொருள் கடைக்காரருக்கே சொந்தம்.

கடைக்காரருக்கு அது நிம்மதி, வேலையும் மிச்சம். ஆனால் புதிதாகச் சுத்தியல் பிடிப்பவருக்கு அந்த ஏலம் ஒரு பாலர் பள்ளி. சின்னச் சின்ன மோதிரம், சங்கிலி, ஒன்றிரண்டு தப்பு செய்தாலும் பெரிய நட்டம் வராது. அது இல்லாமல் இன்றைய பிள்ளைகள் எடுத்த எடுப்பில் இருபது லட்சம் வீட்டில் போய்ப் பழக வேண்டியிருக்கிறது. எனக்கு அது வருத்தம்தான்.

உட்லண்ட்ஸ்_செல்வி

அண்ணே, அடகு வைத்த ஏழையின் நகையில் பழகுவது உங்களுக்குச் சின்னத் தப்பாகத் தெரியலாம். அந்தச் சங்கிலிக்காரிக்கு அது சின்னது இல்லை.

செட்டியார்_பேரன்

நியாயம். அந்தப் பக்கத்திலிருந்து நான் யோசிக்கவில்லை.

அங்மோகியோ_அருள்

பேச்சுப் பயிற்சிக்கு அயோவா எதற்கு? சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம் வரட்டும். எங்கள் புளோக்குக்குக் கீழே கூடாரம் போட்டு விருந்து நடக்கும்போது தங்கையைக் கூட்டி வாருங்கள். ஒரு பக்கம் கெத்தாய் என்ற மேடைப் பாட்டு, இன்னொரு பக்கம் ஏலம். சிவப்புக் காகிதம் சுற்றிய ஒரு கரித்துண்டு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும். கருந்தங்கம் என்பார்கள், வாங்கினால் தொழில் பெருகும் என்ற நம்பிக்கை. எடுத்தவர் அடுத்த வருட விருந்துக்குள் பணம் கட்டினால் போதும். ஒலிவாங்கி பிடித்தவர் ஹொக்கியனில் எந்த மேசையில் எந்த முதலாளி, போன வருடம் என்ன எடுத்தார், பக்கத்து மேசைக்காரரோடு என்ன போட்டி என்று எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு கிண்டலும் கெஞ்சலுமாக ஏற்றுவார். எனக்கு மொழி பாதிதான் புரியும், இருந்தும் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நம் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்தில் முருகன் வேலில் செருகிய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். ஒரு பழம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும்.

மூன்றாம்_தரம்

அருள் சொன்னது விளையாட்டு இல்லை. என் முதல் மேலாளர் எங்களை அப்படி ஒரு விருந்துக்குக் கூட்டிப்போய், "விலையைக் கவனிக்காதே, கண்களைக் கவனி" என்றார். ஒருவர் கடைசியாக ஒரு முறை கேட்பாரா, எழுந்து போய்விடுவாரா என்பது முகத்தில் தெரிந்துவிடும். "இரண்டாம் தரம்" சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் மெதுவாகக் கற்றது. சீக்கிரம் தட்டினால் விற்பவருக்கு நட்டம். இழுத்தால் கூட்டம் எரிச்சலாகி அடுத்த உருப்படிக்கு மனம் வராது.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன், தங்கைக்கு உதவும். மேடை ஏறுவதற்கு முன் 2 வருடம் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தேன். எந்த உருப்படி, எந்த எண் அட்டை, என்ன விலை, அவ்வளவுதான். ஒரு நாள் வேகமாகப் போகும்போது பேனா மை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் கடன் வாங்கி நினைவிலிருந்து எழுதினேன். 36 என்பது 63 ஆகிவிட்டது. தொழிற்கூடம் ஒன்று, சின்னத் தொகை இல்லை. 63-ம் எண்காரர் சும்மா பார்க்க வந்த ஒரு பெரியவர். அவரிடம் போய் முன்பணக் காசோலை கேட்டதும் அவர் முகம் வெளுத்ததை இன்னும் மறக்கவில்லை. ஒலிப்பதிவு இருந்ததால் பிழைத்தேன். அந்த நிறுவனத்தில் அதன் பிறகு மூன்று மாதம் என்னைத் தேநீர்க் கோப்பை அடுக்க விட்டார்கள்.

வீட்டு ஏலத்தில் மேடையில் நிற்பவருக்கு வாய் வேகத்தைவிட இது தெரிய வேண்டும்: வாங்குபவர் எதில் சிக்கிக்கொள்வார்? சாதாரணமாகத் தனியார் வீடு வாங்கும்போது 1 விழுக்காடு கொடுத்து வாங்கும் உரிமையை எடுத்துக்கொண்டு 14 நாள் யோசிக்கலாம். ஏலத்தில் அந்த மூச்சு விடும் நேரம் கிடையாது. சுத்தியல் விழுந்ததும் கையெழுத்து, அங்கேயே 5 அல்லது 10 விழுக்காடு காசோலை. வங்கி கடன் தராவிட்டால் அது அவர் பாடு. வீடு இருக்கிற நிலையில்தான் வரும். சில நேரம் உள்ளே ஆள் இருக்கும்போதே வரும். இதற்கு மேல் கூடுதல் முத்திரை வரி. 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்கு 60 விழுக்காடு, குடிமகனின் இரண்டாவது வீட்டுக்கு 20. மலிவாகக் கிடைத்தது என்று கை தூக்கிவிட்டு வெளியே வந்து கணக்குப் போட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்பனை நிபந்தனைகளைத் தொடக்கத்தில் வாசிக்கும்போது பாதிப் பேர் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி வாசிப்பவர்தான் என் கணக்கில் நல்ல ஏலக்காரர்.

பாசிர்ரிஸ்_லைவ்

எனக்கும் ஒரு சந்தேகம். நான் பேஸ்புக் நேரலையில் புடவை விற்கிறேன். சில நாள் "ஒரு வெள்ளியில் ஆரம்பம்" என்று போட்டுக் கருத்துப் பெட்டியில் ஏற்றிக் கேட்கச் சொல்வேன். நல்ல கூட்டம் வரும். இதற்கும் உரிமம் வேண்டுமா? யாரும் பிடித்ததாகக் கேள்விப்படவில்லையே.

ஹூஸ்டன்_போய்வந்தவன்

யாரும் பிடிக்கவில்லை என்பது பதில் இல்லையே அக்கா. நான் டெக்சஸில் வேகமாகக் கார் ஓட்டியபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய_குமாஸ்தா

விலையை நீங்களே வைத்து, முதலில் கருத்திட்டவருக்குக் கொடுத்தால் அது சாதாரண விற்பனை. விலை ஏறி, அதிகம் கேட்டவருக்குப் போனால் அது பார்வைக்கும் பழக்கத்துக்கும் ஏலம்தான். சட்டம் எழுதியபோது சுத்தியலும் மேசையும் மட்டும்தான் இருந்தன, ஆனால் மேசை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று அது சொல்லவில்லை. அடிக்கடி செய்வதாக இருந்தால் வருவாய் ஆணையத்துக்கே எழுதிக் கேளுங்கள். அதுவரை விலை குறித்து விற்பது நல்லது.

பாசிர்ரிஸ்_லைவ்

சரி ஐயா. இந்த வாரம் எல்லாம் ஒரே விலை, 35 வெள்ளி. தீபாவளிக்கு முன் எழுதிக் கேட்கிறேன்.

உட்லண்ட்ஸ்_செல்வி

எல்லாவற்றையும் படித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை. முகவர் பதிவு பக்கத்து வாசல் என்கிறார் அக்கா. வீட்டு ஏலத்துக்கு அது சரி. ஓவியமும் கடிகாரமும் விற்பவருக்கு அந்த வாசலும் இல்லையே. பிரான்சில் ஏலம் விடுபவர் சட்டமும் கலை வரலாறும் படித்திருக்க வேண்டும் என்று படித்தேன். 1556-லேயே அரசர் ஒருவர் அந்தப் பதவியை உண்டாக்கினாராம். நாம் ஏன் குறைந்தது ஒரு தேர்வாவது வைக்கக்கூடாது?

மூன்றாம்_தரம்

வைக்கலாம் செல்வி, எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிரான்சில் அந்தப் பதவி பல நூற்றாண்டு ஒரு சிலரின் ஏகபோகமாக இருந்து, 2000-ல்தான் சட்டம் போட்டு உடைத்தார்கள். பாதியளவு தேர்வு, பாதியளவு வேலி என்று ஆகிவிடும். நம் ஊரில் இதைச் செய்பவர்களே கொஞ்சம் பேர். தப்பு செய்தவர் பெயர் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது தேர்வுக்கு ஈடாகுமா என்று கேட்டால், முழுக்க ஆகாது.

யீஷூன்_குமரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இழை முழுவதையும் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். 36-ம் 63-ம் வந்த இடத்தில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

அயோவா இப்போதைக்கு இல்லை. முகவர் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள், மாலை நேர வகுப்பு. அலுவலக வேலையை விடவில்லை. மேடை ஆசை போகவில்லை, ஆனால் முதலில் குறிப்பெடுக்கும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறாள். வீட்டில் பயிற்சி நடக்கிறது. நேற்று ராத்திரி மிச்சமிருந்த ஒரே ஒரு மீன் துண்டை எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஏலம் விட்டாள். அப்பா பாத்திரம் கழுவுவதாகக் கேட்டு எடுத்துவிட்டார். "மூன்றாம் தரம்" சொல்லும் முன் என் முகத்தை அவள் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அம்மா கேட்டது ஒன்றுதான்: உட்கார்ந்து செய்யும் வேலையா, நின்று செய்யும் வேலையா?

மூன்றாம்_தரம்

நின்றுதான், நாள் முழுக்க. அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்கு இரண்டு முழங்காலும் சாட்சி.

அடுத்த மாதம் எங்கள் இடத்தில் ஒரு வீட்டுச் சாமான் ஏலம். பார்வை நாளில் உருப்படிக்கு எண் ஒட்டவும் ஏலத்தன்று குறிப்பெடுக்கவும் ஆள் தேடுகிறோம். சம்பளம் அதிகம் இல்லை. விருப்பம் இருந்தால் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு வரட்டும். பேனா இரண்டு.